சமைக்கப் பிடித்த நண்பருக்கு என்ன கூடை கட்டலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரகப்பிரவேசம், தீபாவளி, கிறிஸ்துமஸ், தனிக்குடித்தனம் என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் எனக்குத் தெரிந்தவர்கள் கேட்பது இதைத்தான்: சமையலும் பேக்கிங்கும் பிடித்த ஒருவருக்குப் பரிசுக் கூடை கட்ட வேண்டும், அதில் என்ன வைப்பது? சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, சமையல்னா உயிரை விடற ஃப்ரெண்டுக்குக் கூடை கட்டணும். எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை.

ஒரே ஒரு பதார்த்தத்தை முடிவு செய்துகொண்டு ஆரம்பியுங்கள். கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி அடுக்கினால் பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் பாஸ்தா ஒரு பக்கம், ஊறுகாய் ஒரு பக்கம், கப் கேக் தாள் ஒரு பக்கம் என்று பிரிந்து அலமாரிக்குள் போய்விடும். வத்தக்குழம்பு என்று முடிவு செய்தால் சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், பழம்புளி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், நல்ல கட்டிப் பெருங்காயம் என்று கூடை தானாகவே நிறைந்துவிடும். பிரித்த அன்றே அடுப்பைப் பற்ற வைக்கலாம். என் கணக்கில் நல்ல கூடை என்பது அந்த வாரமே அவரைச் சமையலறைக்குள் இழுக்க வேண்டும்.

பேக்கிங் பக்கம் இதே மாதிரி பிளம் கேக்கை எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு திராட்சை, உலர் திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் மிட்டாய், சுக்கு, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வைத்தால் போதும். ஆனால் இதை டிசம்பர் 20ஆம் தேதி கொண்டுபோய் நீட்டினால் பிரயோஜனம் இல்லை. பழங்களை ரம்மிலோ பழச்சாற்றிலோ ஊற வைப்பார்கள், ரம் என்றால் வாரக்கணக்கில் ஊறும். அதனால் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ கொடுத்துவிடுங்கள்.

நல்லா சமைக்கிறவங்க கிட்ட எல்லாமே இருக்குமே. புதுசா நான் என்னத்தைக் கொடுக்கிறது?

சாமான் இருக்கும், உண்மைதான். அதனால்தான் தீர்ந்துபோகிற பொருளைக் கொடுக்கச் சொல்கிறேன். மஞ்சள் தூள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஈரோட்டு விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து அரைத்த தூள் எத்தனை வீட்டில் இருக்கும்? தினமும் கைபடும் பொருளிலேயே ஒரு படி உயர்ந்த தரம் கிடைத்தால், சமைக்கிறவர் மூடியைத் திறந்த உடனே கண்டுபிடித்துவிடுவார்.

எந்த ஊர்ப் பொருளை வாங்கலாம்? சும்மா பேருக்கு இல்லாம, நிஜமாவே வித்தியாசம் தெரியணும்.

புவிசார் குறியீடு பெற்ற பொருள்களிலிருந்து தொடங்குவது எளிது. ஈரோடு மஞ்சளுக்கும் கொடைக்கானல் மலைப் பூண்டுக்கும் 2019இல் கிடைத்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் உடன்குடி பனங்கருப்பட்டிக்கும் 2023இல். கன்னியாகுமரிக் கிராம்பு, சேலம் ஜவ்வரிசி ஆகியவையும் பட்டியலில் இருக்கின்றன.

முண்டு மிளகாய் குண்டாக, தோல் தடித்து, பளபளவென்று இருக்கும். காம்போடு எண்ணெயில் போட்டால் உப்பி எழும். சாம்பார் தாளிப்புக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் இதன் வாசனை தனி. நல்ல கிராம்பைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: தலைப்பகுதி உதிராமல் முழு மொட்டாக இருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் லேசாக எண்ணெய் கசிய வேண்டும். எண்ணெய் எடுத்த கிராம்பு சுருங்கி, எடையில்லாமல், தொட்டால் பொடியும்.

பட்டையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மளிகைக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, ஒற்றைச் சுருளாக இருக்கும் கேசியா பட்டை. பிரியாணிக்கும் குருமாவுக்கும் அதன் காரம் பொருந்தும். ஆப்பிள் கேக், சினமன் ரோல் செய்பவருக்கு இலங்கையிலிருந்து வரும் கறுவாப்பட்டை வாங்கிக் கொடுங்கள். மெல்லிய தாள்களைச் சேர்த்துச் சுருட்டியது போல் பல அடுக்காக இருக்கும், விரலாலேயே நொறுக்கலாம், மணம் மிதமாக இனிக்கும். அசைவம் சமைப்பவர் என்றால் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ மூன்றையும் சின்னச் சின்ன பாட்டில்களில் வைத்தால் செட்டிநாட்டு மசாலாவுக்கான பாதி வேலை முடிந்தது.

கருப்பட்டி பற்றி ஒன்று. கேக் செய்பவருக்குக் கொடுத்தால், அதைக் கரைத்து வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அடியில் மண்ணும் துகளும் தங்கும். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும் சர்க்கரைக்குப் பதிலாக அப்படியே போட முடியாது.

கேக் பண்ற தோழிக்கு மாவு அளக்குற கப் செட் வாங்கலாம்னு இருக்கேன். சரியா?

வேண்டாம், தராசு வாங்குங்கள். சில கப் செட்டில் ஒரு கப் 240 மில்லி, சிலவற்றில் 250 மில்லி. அதை விடுங்கள், ஒரே கப்பில்கூட மைதாவைத் தளர்வாக நிரப்பினால் சுமார் 120 கிராம், மாவுப் பைக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போகும். நேற்று பஞ்சு போல் வந்த கேக் இன்று வறண்டு போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 1 கிராம் துல்லியம் காட்டும், 5 கிலோ வரை தாங்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். பேட்டரியையும் போட்டே கொடுங்கள்.

ஏற்கனவே தராசு வைத்திருந்தால் ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி. வீட்டு ஓவன்களில் குமிழை 180 டிகிரியில் வைத்தாலும் உள்ளே 160தான் இருக்கலாம், அல்லது 200ஐத் தாண்டியிருக்கலாம். பல பேர் செய்முறையையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்தச் சின்னக் கருவி உண்மையைச் சொல்லிவிடும்.

அவங்ககிட்ட எந்த ஓவன் இருக்குன்னே தெரியாது. கேட்டா சர்ப்ரைஸ் போயிடும்.

தெரியாதபோது பெரிய டின் வாங்காதீர்கள். சின்ன ஓடிஜிக்குள் (மேசை மேல் வைக்கும் மின் ஓவன்) 10 அங்குல டின் நுழையாது, நுழைந்தாலும் சுவரை ஒட்டி நின்று ஓரம் கருகும். 6 அல்லது 7 அங்குல வட்ட அலுமினிய டின் பெரும்பாலான ஓவன்களிலும் பிரெஷர் குக்கர்களிலும் உட்காரும். இன்றும் எத்தனையோ வீடுகளில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பித்தான் கேக் சுடுகிறார்கள். அவர்களுக்கும் ஆகும்.

மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் உலோக டின்னே வேண்டாம். கன்வெக்‌ஷன் முறையில், அதாவது சூடான காற்றால் சுடும்போதுதான், உலோகம் வைக்கலாம். சாதாரண மைக்ரோவேவ் முறையில் பொறி பறக்கும். சிலிகோன் அச்சு வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

சாக்லேட் வைக்கலாமா? மே மாசம் உருகிடாதா?

கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலேயே உருகிவிடும். மே மாத மதியத்தில் பைக்கில் அரை மணி நேரம் போனால் போதும், சாக்லேட் பட்டை குழம்பாகிவிடும். திரும்ப இறுகும்போது மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். அது பூஞ்சை இல்லை, கொழுப்பு மேலே வந்து படிந்தது. கேக்கில் சேர்க்கத் தடையில்லை, பரிசாக நீட்டத்தான் மனசு வராது. வெயில் காலத்தில் கோகோ தூள் வைத்துவிடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. நம் ஊர்க் கோகோவில் செய்த தூளும் சாக்லேட்டும் இப்போது கிடைக்கின்றன.

மழைக்காலத்தில் சாக்லேட் பட்டை வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால் அசல் சாக்லேட். வெஜிடபிள் ஃபேட் என்று மட்டும் இருந்தால் அது காம்பவுண்டு. கேக் மேல் அலங்காரத்துக்குக் காம்பவுண்டு கையாள எளிது. பிரௌனி, கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை) செய்பவருக்கு அதைக் கொடுத்தால் நாக்கில் மெழுகு ஒட்டுவது போல் இருக்கும்.

வனிலா எசன்ஸ் எல்லார்கிட்டயும் இருக்கு. அதையே திரும்ப வைக்கவா?

எசன்ஸ் பெரும்பாலும் செயற்கை வாசனை. அதற்குப் பதிலாக இரண்டே இரண்டு வனிலா நெற்றுகளை ஒரு கண்ணாடிக் குழலில் அடைத்து வையுங்கள். விலை கூடுதல்தான், அதனால்தான் யாரும் தனக்கென்று வாங்கிக்கொள்வதில்லை. நல்ல நெற்று கறுத்து, மினுமினுப்பாக, விரலில் சுற்றினால் உடையாமல் வளைய வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் காய்ந்துவிடும், வெளியிலேயே இறுக மூடி வைத்தால் போதும் என்று சொல்லிக் கொடுங்கள். உள்ளிருக்கும் விதையைச் சுரண்டிப் பாயசத்திலோ கஸ்டர்டிலோ சேர்த்துவிட்டு, வெறும் தோலைச் சர்க்கரை டப்பாவில் புதைத்து வைத்தால் அந்தச் சர்க்கரையும் மணக்கும்.

அவங்க முட்டைகூடச் சேர்க்காதவங்க. எதைப் பார்த்து வாங்கணும்?

பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் பாருங்கள். மாட்டிக்கொள்வது மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லி தூளிலும்தான். அவற்றில் ஜெலட்டின் இருக்கக்கூடும், அது விலங்கிலிருந்து எடுப்பது. அதே வேலைக்குச் சைனா கிராஸ் எனப்படும் அகர் அகர் வாங்கலாம். சில வீட்டில் பூண்டு, வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். அங்கே மேலே சொன்ன மலைப் பூண்டு வேண்டாம்.

வீட்ல அரைச்ச பொடியை வைக்கலாமா? எத்தனை நாள் தாங்கும்?

தாராளமாக. என்னைக் கேட்டால் கூடையில் முதலில் கை போவது அதன் மேல்தான். மூன்று விஷயம் பாருங்கள். வறுத்ததை முழுக்க ஆறவிட்டு அரைக்க வேண்டும். அரைத்த சூட்டோடு பாட்டிலில் அடைக்காமல் தட்டில் பரப்பி ஆற்ற வேண்டும். பாட்டில் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். ஒரு துளி ஈரம் போதும், பொடி கட்டி தட்டிவிடும்.

பருப்புப் பொடி, ரசப்பொடி, சாம்பார்ப் பொடி ஒரு மாதத்துக்குக் கவலையில்லாமல் இருக்கும். கொப்பரை சேர்த்த பொடியும் எள் கூடுதலாகப் போட்ட இட்லிப் பொடியும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அவற்றை 100 கிராமுக்கு மேல் வைக்காதீர்கள். அரைத்த தேதியை மூடியில் ஒட்டிவிடுங்கள்.

எல்லாத்தையும் ஒண்ணா வச்சா வாசனை கலந்துடாதா?

கலக்கும். அதுவும் பெருங்காயம் இருந்தால் கேட்கவே வேண்டாம். காகித உறையிலிருக்கும் கட்டிப் பெருங்காயத்தை ஓர் இரவு கூடையில் வைத்தால் மறுநாள் சாக்லேட்டும் மைதாவும் ரசம் மணக்கும். கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, அதை இன்னொரு டப்பாவுக்குள் வையுங்கள். காப்பித்தூளுக்கும் இதே கவனம் வேண்டும். வாசனைச் சோப்பு, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதையும் உணவுக் கூடையில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சாதாரணம். கோதுமை ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு என்றால் அரிசி மாவில் செய்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

கத்தி, இரும்புச் சாமான், உப்பு, எள்ளெல்லாம் கொடுக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. என்ன பண்றது?

பெரியவர்கள் மனம் கோணாமல் செய்வதற்கு வழி இருக்கிறது. கத்தி கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்ற நம்பிக்கை உள்ள வீடுகளில், வாங்குபவரிடமிருந்து ஒரு ரூபாய் நாணயம் வாங்கிக்கொள்வார்கள். அப்போது அது கொடுத்ததாகாது, விற்றதாகிவிடும். உப்பைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார்களே தவிர, கிரகப்பிரவேசத்துக்கு முதலில் உள்ளே போவதே உப்பும் மஞ்சளும்தான். கீழே வைத்து, அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எள், எண்ணெய், இரும்பு மூன்றும் சனி தானத்தோடு சேர்த்துப் பேசப்படுவதால் சனிக்கிழமை அன்று நீட்டினால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். வேறு நாளில் கொடுங்கள்.

எதுவாயினும் கூடையின் மேல் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு பழம் வைத்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதற்குப் பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

சரி, இரும்புச் சட்டியோ கல்சட்டியோ கொடுக்க முடிவு பண்ணிட்டேன். அப்படியே கொடுத்துடலாமா?

பழக்கிக் கொடுங்கள். பழக்காத பாத்திரம் பரிசாகப் போனால், வேலைதான் பரிசாகப் போகிறது. தோசைக்கல்லையும் இருப்புச்சட்டியையும் கழுவித் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி பூசி, மேற்பரப்பு கறுத்து வழவழப்பாகும் வரை செய்ய வேண்டும். கல்சட்டிக்கு எண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவிட்டு, பிறகு சில நாள் தொடர்ந்து சூடான வடிகஞ்சியை ஊற்றி வைத்து, கடைசியாகச் சின்னத் தீயில் காட்ட வேண்டும். இதற்குப் பட்ட பாடு வீண் போகாது. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகும் கல்சட்டியில் வத்தக்குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். ஆனால் கீழே விழுந்தால் இரண்டாகிவிடும், பயணத்தில் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கும்பகோணத்து ஈயச் செம்பு கொடுப்பவர்கள் ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். முதலில் ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், தாளிப்பு வேறு கரண்டியில். மலிவான செம்பில் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, அது உடம்புக்குக் கெடுதல். நம்பிக்கையான பாத்திரக் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் வாங்கவே வேண்டாம்.

கூடைன்னா மூங்கில் கூடையா? மேல பளபளன்னு பிளாஸ்டிக் சுத்தணுமா?

கூடையே பயன்படும் பொருளாக இருந்தால் இன்னும் நல்லது. அஞ்சறைப் பெட்டி, எவர்சில்வர் தூக்கு, ரொட்டி டின், சின்ன உருளி என்று எதற்குள்ளும் அடுக்கலாம். அழகு வேண்டுமென்றால் செட்டிநாட்டுக் கொட்டான் இருக்கிறது, பனை ஓலையில் பின்னி வண்ணம் சேர்த்தது. அதுவும் புவிசார் குறியீடு பெற்றதுதான். காலியான பிறகு பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டுக்கொள்ளலாம், காற்றோட்டமாக இருக்கும்.

மேலே சுற்றுவதற்குக் கைத்தறித் துண்டு ஒன்று போதும். பிறகு அது மாவு மூடவும் கை துடைக்கவும் ஆகும். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. பிறகு எதற்குப் பிரித்தவுடன் குப்பைக்குப் போகும் தாள்? ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தாலும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கையில 500 ரூபாய்தான் இருக்கு. கூடை கட்ட முடியுமா?

முடியும். முதல் பதிலில் சொன்ன வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பொருளைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். நல்ல ஏலக்காய் 25 கிராம், கருப்பட்டி கால் கிலோ, பயத்தம் பருப்பு அரை கிலோ, கொஞ்சம் முந்திரி. ஒரு பாயசம் தயார். பெரிய கூடையில் பாதி இடத்தைக் காகிதத்தால் நிரப்புவதை விட, சின்னப் பெட்டியில் நான்கு பொருள் நெருக்கமாக இருப்பது பார்க்கவும் நிறைவு.

அவங்க வீட்ல சர்க்கரை வியாதி இருக்கு. கருப்பட்டி, தேன், வெல்லம்னா பரவாயில்லைதானே?

இல்லை. மூன்றுமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று என்று சொல்லிக் கொடுப்பது ஆபத்தான நம்பிக்கையை வளர்க்கும். காரப் பக்கம் போங்கள்: மேலே சொன்ன பொடிகள், மிளகு, வற்றல், நல்லெண்ணெய், வறுக்காத பாதாம், வால்நட். ரொட்டி சுடுபவர் என்றால் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சின்னப் பாக்கெட்டுகளும் ஆளி விதையும் சேர்க்கலாம். ஈஸ்ட்டில் காலாவதித் தேதி பார்ப்பது கட்டாயம், பழசானால் மாவு எழும்பாது.

ஃப்ரெண்ட் சிங்கப்பூர்ல இருக்கா, தம்பி துபாய்ல. ஒரே மாதிரி ரெண்டு கூடை கட்டி அனுப்பிடவா?

முதலில் கசகசாவை எடுத்து வெளியே வையுங்கள். நம் ஊரில் குருமாவுக்குச் சாதாரணமாக அரைப்பது, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். தனிப் பொட்டலமாக மட்டுமல்ல, வீட்டில் அரைத்த கறி மசாலாவில் கலந்திருந்தாலும் மாட்டிக்கொள்வது அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்தான். பொடி அரைத்துக் கொடுத்த அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ ஒரு தடவை கேட்டுவிடுங்கள், கசகசா சேர்த்தீர்களா என்று.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகும் கூடையில் உணவு எதுவானாலும் இறங்கும்போது படிவத்தில் குறிப்பிட வேண்டும். தேன், விதைகள், பால் பொருள்களை அங்கே கடுமையாகச் சோதிப்பார்கள், அதனால் அவற்றைத் தவிர்ப்பது நிம்மதி. எண்ணெய், நெய், ஊறுகாய் எல்லாம் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது, பெட்டியில் வைப்பதானால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி இரட்டை உறை போடுங்கள். கத்தியும் பெட்டியில்தான். பொடிகளில் கடை முத்திரையோடு வந்தவை சுங்கத்தில் எளிதாகப் போகும். வீட்டுப் பொடியானால் என்ன பொடி, என்னென்ன சேர்த்தது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி அனுப்புங்கள்.